அவசரப்பட்ட கெட்டிமேளம்

ஹேடோ துறைமுகத்தில், தீவுகளின் வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் நாதஸ்வரத்தை மடியில் கிடத்தியபடி முருகேசன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அந்தப் பக்கம் தவில்காரர் பிமல், வங்காளி; அவர்கள் வழக்கப்படி எல்லாருக்கும் 'தாதா', அதாவது அண்ணன். தவில்மேல் சாய்ந்து வடை தின்கிறார். நாளை திக்லிபூரில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிறார்கள்.

"இத்தனை வருஷத்துல மறக்கவே முடியாத வாசிப்பு எதுண்ணே?" என்று முருகேசனிடம் கேட்கிறேன்.

அவர் பிமலைக் காட்டிச் சிரிக்கிறார். "தாதா தவில் வாசிச்ச முதல் கல்யாணம்தான். மெயின்லேண்ட் போன எங்க தவில்காரர் வர வேண்டிய கப்பல் லேட்டு. துர்கா பூஜைக்கு மேளம் அடிக்கிற இவரைப் பிடிச்சிட்டு வந்தேன். அப்ப இவருக்குத் தமிழ் தெரியாது. அய்யர் கையைத் தூக்குனா ஜோரா அடிங்கன்னு ஹிந்தியில சொல்லிவச்சேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு, அய்யர் ஃபேனைப் போடச் சொல்லிக் கையைத் தூக்குனாரு."

"நான் ஜோரா அடிச்சேன்," என்கிறார் பிமல்.

"கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் அட்சதையைப் போட்டுட்டாங்க. மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியையே கட்டிட்டாரு! பொண்ணோட அப்பா எங்களை அடிக்காத குறைதான். இதோட நம்ம தொழில் கதம்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"நாளைக்கு அந்த மாப்பிள்ளையோட மகளுக்குத்தான் கல்யாணம். 'தாதாவையே கூட்டிட்டு வாங்கண்ணே, எங்களுக்கு அவர் அடிச்சதுதான் நல்ல நேரம்'னு போன்ல சொன்னாரு."

கப்பலில் ஏற வரிசை நகர்கிறது. தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு பிமல் முருகேசனிடம் கவலையாகக் கேட்கிறார்: "பாய், நாளைக்கு ஃபேன் எல்லாம் முன்னாடியே போட்டுடுவாங்கல்ல?"