பட்டு பெல்ட்

எனக்குக் குங்ஃபூ தெரியும் என்று சொன்னால் ஆபீசில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லிஃப்ட் நின்றுபோன நாட்களில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆரணியில், ஒரு ரைஸ் மில்லின் நெல் காயப்போடும் களத்தில், வெறுங்காலோடு நின்று “யீ, அர், சான்” என்று சீன மொழியில் எண்ணியவள் நான். அது சீன மொழிதான் என்பதற்கு எங்கள் மாஸ்டரின் வார்த்தையைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. மாஸ்டர் பகலில் மினி வேன் ஓட்டுவார். சாயங்காலமானால் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எங்களை அதட்டுவார்.

என்னை அங்கே சேர்த்துவிட்டது அத்தை, அப்பாவின் தங்கை. போளூரில் கட்டிக்கொடுத்து, கொஞ்ச நாளிலேயே ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டவள். ஏன் வந்தாள் என்று வீட்டில் யாரும் என் எதிரில் பேசியதில்லை. வந்ததிலிருந்து அவள் தெருவில் இறங்குவதே அபூர்வம். தப்பித்தவறிக் கடைக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் வழிமறித்து, “எப்ப வந்தே? எப்ப போறே?” என்று கேட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் வாங்கி வந்ததைச் சமையலறையில் வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் பாவு பிணைக்க உட்கார்ந்துவிடுவாள். எங்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடியது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவு தீர்ந்து புதிய பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டு அத்தை முறுக்குகிற வேகத்தில் கண் கூசும். அவள் பிணைத்தது ஒன்றுகூட அவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

குங்ஃபூ வகுப்பு பற்றிய நோட்டீஸ் ஒருநாள் பேப்பரோடு வந்தது. அதைப் படித்துவிட்டு அத்தை என் தோளைப் பிடித்துத் தறியிலிருந்த அப்பா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“பாரு ண்ணா, புள்ள எப்டி இளைச்சிகினு வர்றா. இதுல சேத்தா ஒடம்பு தேறும்.”

“பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் குஸ்தி? சரி, யாரு தெனமும் இட்டுகினு போயி இட்டுகினு வர்றது?”

“நான் இட்டுகினு போறேன்.”

அப்பா கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நான் இளைக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வருஷம்தான் என் யூனிஃபார்ம் பத்தாமல் பிரித்துத் தைத்தார்கள். யார் கேட்கிறார்கள்?

சாயங்காலம் மில் ஆட்கள் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியதும் எங்கள் வகுப்பு தொடங்கும். சிமெண்டுத் தரை அப்போதும் சுடும். கூட்டித் தள்ளியும் போகாத நெல் மணி உள்ளங்காலில் குத்தும். அதன் மேல் முட்டியை மடக்கி, காலை அகட்டி, குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி நிற்கச் சொல்வார் மாஸ்டர். தொடை நடுங்கும், அழுகை வரும், அவித்த நெல் வாசனையில் பசி வேறு எடுக்கும். கூட வந்த அம்மாக்கள் சுவரோரம் கோணி விரித்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இல்லையென்றால் போனைப் பார்ப்பார்கள். அத்தை மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதோடு விட்டாளா? வீட்டுக்கு வந்ததும், “எங்க, இன்னிக்கி சொல்லிக் குடுத்தத செஞ்சி காமி” என்பாள். செய்தால், “முட்டிய இன்னும் மடக்கு. முதுவு கோணுது பாரு” என்று தட்டுவாள். களத்தில் ஒரு மாஸ்டர் போதாதென்று வீட்டிலும் ஒரு மாஸ்டர். சே, எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்றிருக்கும். “உங்க அத்த உன்ன சீனாவுக்கே ஏத்தி உட்ருவா போலக்கீது” என்று அம்மா சிரிப்பாள்.

முதல் டெஸ்ட் வந்தது. எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அதுவரை பெல்ட் கிடையாது. டெஸ்டன்றுதான் முதன்முதலாக மஞ்சள் பெல்ட் கட்டிக்கொண்டு வர வேண்டும். பெல்ட் என்றால் தோல் பெல்ட் இல்லை, இடுப்பைச் சுற்றிக் கட்டும் நீளமான துணி. தேறினால் அது நம்முடையது. தேறாவிட்டால் அங்கேயே அவிழ்த்து மாஸ்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். நடுவில் அது அவிழ்ந்து தரையைத் தொட்டுவிட்டால் வித்தைக்கே மரியாதைக்குறைவு, டெஸ்ட் அத்தோடு முடிந்தது.

அப்பாவும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். “இதுல தேறலன்னா நிறுத்திப்புடணும். சாயங்காலம் டியூஷனுக்குப் போவட்டும்.” எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தோன்றவில்லை. டியூஷனில் உட்கார்ந்துகொண்டாவது இருக்கலாம். அத்தைக்குத்தான் முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து என்னைப் போட்டு வறுத்தெடுத்துவிட்டாள்.

எல்லோரும் மாஸ்டரிடமே பெல்ட் வாங்கிக்கொண்டார்கள். பளபளவென்று பாலியஸ்டர். அத்தை அதை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “பட்டு நெய்யற வூட்டுப் பொண்ணு இத்தக் கட்டிகினு நிக்கறதா?” மஞ்சள் என்றால் எந்த மஞ்சள் என்று அப்பாவுக்குத் தெரிந்தாக வேண்டும். எலுமிச்சையா, மாம்பழமா, மஞ்சள்கிழங்கா? கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார். “மஞ்சன்னா மஞ்சதான் பாப்பா, ஏன் பேஜார் பண்றே?” என்றார் மாஸ்டர். கடைசியில் மாம்பழ மஞ்சள் முடிவாயிற்று. அப்பா சாப்பிடப் போகிற நேரங்களில் அத்தையே தறியில் உட்கார்ந்து, மிஞ்சிய பாவில் நெய்து முடித்தாள். இரண்டு ஓரத்திலும் மெல்லிசாக ஜரிகை. நல்ல நாளில் கட்டிக்கொள்ளலாம் என்று டெஸ்ட் வரைக்கும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். புதுப்பட்டு வழுக்கும் என்று பட்டிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

டெஸ்ட் எடுக்க வேலூரிலிருந்து பெரிய மாஸ்டர் வந்திருந்தார். காலையிலிருந்து, “ஸ்டான்ஸ் சரியில்ல! இன்னும் எறங்கு! யாருக்குமே கால் நிக்கல!” என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. என் முறை வந்தது. எல்லோருக்கும் போலவே எனக்கும் எங்கள் மாஸ்டர்தான் பெல்ட் கட்டிவிட்டிருந்தார். ஜரிகையைப் பார்த்து, “இன்னாம்மா, கல்யாணத்துக்கு வந்திருக்கியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

குத்து வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. திரும்பி உதைத்தபோது இடுப்பில் என்னவோ தளர்ந்தது. அடுத்த உதையில் முடிச்சு தானாகப் பிரிந்தது. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்திருக்க வேண்டிய நேரம். எடுத்தால் தப்பு. எடுக்காவிட்டால் பெல்ட் போய்விடும். நான் மரம் மாதிரி நின்றேன். பட்டு சத்தமே இல்லாமல் இடுப்பிலிருந்து நழுவியது.

அது தரைக்கு வருவதற்குள் அத்தை வந்துவிட்டாள். செருப்பு சுவரோரம் ஒரு பக்கம் கிடந்தது. ஒரே எட்டில் பாய்ந்து, முட்டியை மடக்கி, முதுகு நிமிர்ந்து, ஒரு கை இடுப்பில் முஷ்டியாக இருக்க, இன்னொரு கையால் பட்டைத் தரைக்கு ஒரு சாண் மேலேயே பிடித்துவிட்டாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். கால் கொஞ்சமும் ஆடவில்லை.

பெரிய மாஸ்டர் அத்தையின் காலைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“நீங்க எந்த பேட்ச்மா?”

அத்தை அவசரமாக முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, “நான் பாப்பாவ இட்டுகினு வர்றவ” என்றாள்.

குட்டிப் பையன்கள் கை தட்டினார்கள். பெரிய மாஸ்டர் அவர்களை அடக்கிவிட்டு, “பெல்ட்டு தரையில படல. கட்டி உடுங்க. மொதல்லேர்ந்து செய்யட்டும்” என்றார். அத்தை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பட்டின் இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி, எப்படியோ உள்ளே செருகி இழுத்தாள். அதற்குப் பிறகு நான் குதித்தேன், உதைத்தேன், ஒருமுறை விழுந்தும் எழுந்தேன். முடிச்சு அசையவில்லை. தேறிவிட்டேன்.

வீடு திரும்பும்போது அத்தை எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு, கடை வாசலிலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐயோ பாவம், அத்தனை பேர் முன்னால் ஓடி வந்ததில் வெட்கப்பட்டுப் போயிருக்கிறாள் என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவளுக்கு நல்லதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்தேன். சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்: “இனிமே நானே சைக்கிள்ல போயிக்கிறேம்ப்பா. அத்த வர வேணாம். பாவம், தெனம் என்னால அவங்களுக்குக் கஷ்டம்.”

“அதுவும் சரிதான். ரோடு தாண்டத் தெரியுதுல்ல” என்றார் அப்பா.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

“போவட்டும். பெல்ட்ட யாரு கட்டுவாங்க?”

“அந்த மாஸ்டராண்ட கடை பெல்ட்டே ஒண்ணு வாங்கிடு. அது வழுக்காது.”

“இன்னா ண்ணா பேசறே? இத்தினி ஜரிகையப் பாத்த ஊரு, நாளைக்குப் பாலியஸ்டரப் பாத்தா சிரிக்காது?”

சிரிக்காது என்று எந்தத் தறிக்காரரால் சொல்ல முடியும்?

ஆகவே மறுநாளும் அத்தை வந்தாள். அடுத்த பெல்ட் பச்சை, அதற்கடுத்தது நீலம். எல்லாம் பட்டு, எல்லாம் வழுக்கும். களத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் என்னை நிறுத்திவைத்துக் கட்டிவிடுவாள். அப்புறம் கோணியில் போய் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை கண் எடுக்காமல் பார்ப்பாள். நான் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறேன். “சொல்லிக் குடேன் அத்த, நானே கட்டிக்கிறேன், நீ வூட்ல நிம்மதியா இரு.” அவள் என்னை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தி, நான் பார்க்க முடியாதபடி முதுகுப் பக்கத்தில் முடிச்சுப் போடுவாள். “உனக்கு வராது” என்பாள். வீடு தேடி வந்து யார் கேட்டாலும் பாவு பிணைக்கச் சொல்லித்தருகிற அத்தை, எனக்கு அந்த ஒரு முடிச்சைச் சொல்லித்தரவே இல்லை. அவளுக்கு என் மேல் ஏதோ கோபம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.