ஆறாம் லயத்தின் வெற்றுப் பட்டியல்

ஷாமிளா பிறந்தவுடன் அழவில்லையாம். மருத்துவிச்சியின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாளாம். பதினோராவது விரல் இல்லையென்று தெரிந்த பிறகுதான் வீறிட்டாள் என்று தோட்டத்து வரிசைக் குடியிருப்பான மூன்றாம் லயத்தில் இன்றும் சத்தியம் செய்வார்கள்.

கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். தகப்பன் பால்வெட்டியவர். மகள் கணிதம் படித்துப் பட்டம் வாங்கி, கொழும்புக் கம்பனியொன்றுக்கு லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவிலிருந்தே புரோகிராம் எழுதினாள். அவளுடையது எண்களை வரிசை வரிசையாக அடுக்கிக் கையாளும் அணி மொழி. ஆயிரம் எண்களை ஒரே எண்ணைப்போல் தூக்கிக் கூட்டிவிடும். எழுத்துகளுக்குப் பதில் சின்னச் சின்னக் குறிகள். ஈரச் சிமெந்தில் கோழி நடந்த மாதிரி இருக்கும் திரை.

அந்த மொழியில் அவளுக்கு மிகவும் பிடித்தது ஒன்றுமே இல்லாத பட்டியல்தான். அதைக் கேட்டுத் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் நல்லையா கங்காணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஒண்ணுமில்லாததுல பிடிக்கிறதுக்கு என்னா புள்ள இருக்கு?"

"ஒண்ணுமில்லாததுலயும் வகை இருக்குங்க மாமா. பேரு எழுத வச்ச வெறும் பட்டியல் வேற, நம்பரு எழுத வச்ச வெறும் பட்டியல் வேற. திரையில ரெண்டும் வெறும் வரியாத்தான் தெரியும். உள்ளுக்குள்ள ஒண்ணில்ல."

"அப்ப எங்க தோட்டத்துத் தொரை தலைக்குள்ள இருக்கிறது எந்த வகைன்னு பாத்துச் சொல்லு."

கார்த்திகையில் ஐந்து நாள் மழை விடவில்லை. மீன்களே ஒதுங்க இடம் தேடியிருக்கும். ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மலை சரிந்து லயங்கள்மேல் இறங்கியது. தப்பியவர்கள் தோட்டத்துப் பாடசாலைக்கு ஓடினார்கள். மண்ணெடுக்க ஒரேயொரு பெக்கோ இயந்திரம்தான் வந்து சேர்ந்தது. அதை முதலில் எந்த லயத்துக்கு அனுப்புவது? அதற்குத்தான் ஷாமிளாவின் பட்டியல்.

நல்லையா தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுப்பதுபோலவே பாடசாலை முற்றத்தில் நின்று லயம் லயமாகக் கூப்பிட்டார். ஒவ்வொரு லயத்துக்காரரும் வந்து தங்கள் ஆட்களைச் சொன்னார்கள். பெயர், காம்பரா, பிறகு இருந்தால் ஒன்று, காணவில்லையென்றால் பூச்சியம். ஷாமிளா மடிக்கணினியில் தட்டிக்கொண்டே போனாள்.

"ஆறாம் லயம்!"

யாரும் வரவில்லை. நல்லையா இரண்டு தரம் கூப்பிட்டார். மற்ற லயத்துக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த லயத்து ஆளைக் காணோம் என்று வாயால் சொல்வது அந்தத் தோட்டத்தில் ஆகாத காரியம். சொன்னால் உயிரோடு இருப்பவருக்கும் கெடுதல் வந்துவிடும் என்று பயம். கூட்டத்தில் நின்ற இருளாயியின் சொந்தத் தங்கை ஆறாம் லயத்தில் வாழ்க்கைப்பட்டவள். இருளாயியும் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆறாம் லயத்துச் சனம் முதல்நாளே கோயிலுக்கு இறங்கியிருக்கும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நல்லையா கணக்கை முடித்தார்.

ஷாமிளாவின் புரோகிராம் ஒவ்வொரு லயத்தையும் ஒரே கேள்வி கேட்டது: எல்லாம் ஒன்றா, அதாவது எல்லாரும் பத்திரமா?

ஐந்தாம் லயம்: ஆம். ஆறாம் லயம்: ஆம்.

"லிஸ்ட் எக கோ?" என்று சிங்களத்தில் பட்டியலைக் கேட்டுக் கையை நீட்டினார் மீட்புக்கு வந்த இராணுவ அதிகாரி. பட்டியலைப் பார்த்தார். இரண்டாம் லயத்தில் ஐந்து பேரைக் காணவில்லை. பெக்கோ அங்கே போனது.

பன்னிரண்டரை மணிக்கு ஷாமிளா மறுபடியும் திரையைப் பார்த்தாள். காணாமற்போனவர் பெயர்கள் வரவேண்டிய இடத்தில் ஐந்தாம் லயத்துக்கும் வெறும் வரி, ஆறாம் லயத்துக்கும் வெறும் வரி. ஏதோ உறுத்தியது. பட்டியல்களின் அளவைக் கேட்டாள். ஐந்தாம் லயம்: நாற்பத்துமூன்று வரி, மூன்று நிரல். ஆறாம் லயம்: பூச்சியம் வரி, மூன்று நிரல்.

ஒரு பூச்சியமும் இல்லாத பட்டியலில் எல்லாம் ஒன்றுதான். ஒன்றுமே இல்லாத பட்டியலிலும் ஒரு பூச்சியமும் இல்லை. கணிதத்தில் அது குற்றமில்லாத விடை; அப்படி இல்லாவிட்டால் ஒரு பட்டியலை இரண்டாகப் பிரித்துக் கேட்டுச் சேர்க்கும்போது, ஒரு பாதி வெறுமையாக விழுந்தால் கணக்கு உடைந்துவிடும். இதை அவளே கம்பனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறாள்.

செருப்பில்லாமல் மழைக்குள் ஓடினாள்.

"மாமா, ஆறாம் லயம் பத்திரம்னு ஒங்ககிட்ட சொன்னது யாரு?"

"நீதானே புள்ள சொன்ன. பட்டியல்ல அப்படித்தானே இருக்கு."

"நான் யாருகிட்டயும் கேக்கலீங்க. அந்தப் பட்டியல்ல யாருமே இல்லீங்க."

பெக்கோவைத் திருப்பச் சொல்ல நல்லையா இராணுவ அதிகாரியிடம் ஓடினார். ஷாமிளா இருளாயியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அத்தை, ஒங்களுக்குத் தெரியுந்தானே? ஏன் வாயத் தொறக்கல?"

"எப்படிடி சொல்லுவேன்?" இருளாயி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "கூடப் பொறந்தவள காணோம்னு நான் எப்படிடி என் வாயால சொல்லுவேன்?"

பெக்கோ மலையைச் சுற்றி ஆறாம் லயத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றே கால். மாலைக்குள் பதினெட்டுப் பேரை எடுத்தார்கள். இருளாயியின் தங்கையும் அவர்களில் ஒருத்தி. மூச்சிருந்தது கருப்பாயி என்ற வேறொருத்திக்கு மட்டும். கதவு நிலை சாய்ந்து அவளுக்கு ஒரு முழம் இடம் விட்டிருந்தது.

ஒன்பது நாள் கழித்துக் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்கு ஷாமிளா தனியாகப் போனாள். கருப்பாயியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு யாருடையது என்பதையும் மறைக்கவில்லை.

"நீங்க எல்லாரும் பத்திரம்னு என் பட்டியல் சொல்லிருச்சுங்க அக்கா."

கருப்பாயி கூரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"மெசின் சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு," என்றாள். "ரோட்டுல வந்துச்சு. எங்ககிட்டத்தான் வருதுன்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு. அப்பறம் தூரமாப் போயிருச்சு. அதுக்குப் பொறகும் அவரு ரொம்ப நேரம் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு."

ஷாமிளா உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் என்ன பேசினார் என்று கேட்டாள். கருப்பாயி சொன்னாள். பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தாள்.