பூத்துப்போன ஜன்னல் கண்ணாடி

தீவில், டாலிகஞ்ச் பகுதியில் கட்டிய எங்கள் வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல்தான் வைக்க வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியில் குமாஸ்தாவாக இருந்த அவர், மெட்ராஸிலிருந்து கப்பலில் ஒரு பெட்டி கண்ணாடி வரவழைத்தார். கூரை முடியாததால் பெட்டி ஜங்லிகாட் பக்கம் தச்சு மிஸ்திரியின் கொட்டகையில் மழைக்காலம் முழுக்கக் கிடந்தது. அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை விட்ட அன்றே திறக்கச் சொன்னார்.

கண்ணாடிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போல் நிறம் நிறமாக மின்னியது. எனக்கு அழகாகத்தான் இருந்தது.

“புதுசை வித்துட்டுப் பழசை வச்சிட்டியா?” என்று கத்தினார் அப்பா.

“சாமி கசம் பாபு, சத்தியமா பெட்டிய நான் தொறக்கவேயில்ல,” என்றார் மிஸ்திரி. அவர் தெலுங்குக்காரர். எங்களிடம் தமிழையும் இந்தியையும் கலந்து பேசுவார்.

அப்பா நம்பவில்லை. செய்தி பரவி, மிஸ்திரியை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்றானது.

வேறு கண்ணாடி எப்போது வருமோ என்று, வேறொரு ஆளை வைத்து அதையே பொருத்தினார் அப்பா. அன்று முதல், கல்யாணமாகாமல் எங்களோடு இருந்த அத்தைக்கு நிம்மதி போயிற்று. சாம்பல், புளி, எலுமிச்சை என்று எதையாவது வைத்துத் தேய்த்தபடியே இருந்தார். சோறு கொதிக்கும்போதே எழுந்து ஜன்னலுக்கு ஓடுவார்.

“வெறும் அழுக்குதாண்ணே. போயிடும்.”

போகவில்லை. அது அழுக்கில்லை என்பது கல்லூரியில் ரசாயனம் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நெருக்கி அடுக்கிய கண்ணாடிகளுக்கிடையே ஈரம் இறங்கினால், கண்ணாடியில் உள்ள காரத்தை அது மெல்ல வெளியே இழுக்கும். காற்றுப் புகாமல் அங்கேயே தங்கிய காரநீர் கண்ணாடியையே அரித்துவிடும். யாரும் எதையும் மாற்றவில்லை.

ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். மிஸ்திரி தன் உளிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கட்சால் தீவில் வேலை இருக்கிறதாம், கப்பலுக்குக் காத்திருந்தார்.

“ஜன்னல் சாஃப் ஆச்சா பேபி?”

“இல்ல. அத்தை தெனம் தேய்க்கிறாங்க. மிஸ்திரி திருடலன்னு அப்பாகிட்ட சண்டை வேற.”

“தெனமுமா?”

“தெனமும்.”

சங்கு ஊதியது. எல்லோரும் ஏறினார்கள். மிஸ்திரி எழவில்லை. நான் பதறி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஏணியை எடுத்தார்கள், கப்பல் நகர்ந்தது. கப்பலைத் தவறவிட்ட மனுஷர் எதற்காக இப்படிச் சிரிக்கிறார் என்று புரியாமல், ஆறிப்போன சாப்பாட்டோடு அப்பாவைத் தேடி நடந்தேன்.