என் எடிட்டரில் மட்டும் ஓடிய டெஸ்ட்

தாம்பரம் ஆபீசில் அந்த ப்ராஜெக்டுக்கு நாங்கள் இரண்டே பேர். திருமுடிவாக்கத்துப் பட்டறைகளுக்குச் சரக்கு இருப்பு பார்க்கும் மென்பொருள், எழுதுவது க்ளோஜர் என்ற கணினி மொழியில். நான் சீனியர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

இன்னொருவர் ரேவதி. குழந்தைக்காக ஆறு வருடம் வேலையை விட்டிருந்து புதிதாகச் சேர்ந்தவர். அந்த வெள்ளிக்கிழமையோடு ப்ரொபேஷன் முடிகிறது; வேலை நிரந்தரமா, இல்லையா என்று மேனேஜர் சொல்ல வேண்டும்.

திங்கள்கிழமை வந்து கேட்டார். "சார், டெர்மினல்ல கமாண்ட் அடிச்சு டெஸ்ட் ஓட்டினா, ஏதோ லைப்ரரி காணோம்னு நிக்குது."

"எனக்கு ஜம்முனு ஓடுதேம்மா. உங்க செட்டப்ப மறுபடி போடுங்க."

போட்டார். க்ளோஜர் ஓடத் தேவையான ஜாவாவை அழித்து மறுபடி போட்டார், கோட் எழுதும் எடிட்டரையும் அழித்து மறுபடி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை மேனேஜர் என்னிடம், "செட்டப்பே வரலன்னா எப்படி சார் கன்ஃபர்ம் பண்றது?" என்றார். பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளி காலை ரேவதி, மேனேஜரையும் கூட்டிக்கொண்டு, நேராக என் மேசைக்கு வந்தார். "சார், எடிட்டர் வேணாம். உங்க டெர்மினல்ல ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க."

"இதுல என்ன இருக்கு?" என்று கட்டளையைத் தட்டினேன். அதே எரர்.

ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். நான் எடிட்டரை விட்டு வெளியே வந்தே பல மாதம். என் ஹோம் ஃபோல்டரில் உள்ள சொந்த deps.edn ஃபைலில், அதாவது தேவையான லைப்ரரிகளின் பட்டியலில், அந்த லைப்ரரியை எப்போதோ சேர்த்து, எடிட்டர் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். ப்ராஜெக்ட் ஃபைலில் அந்த வரியே இல்லை.

"தப்பு என்னோடது சார். இவங்க செட்டப் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"நாலு நாளா பாத்ரூம்ல போய் அழுதேன் சார். ஒரு வரிக்கா?" என்று கேட்டார் ரேவதி.

மதியத்துக்குள் அந்த வரியை ப்ராஜெக்ட் ஃபைலுக்கு மாற்றினோம். இப்போது எல்லாவற்றையும் டெர்மினலில் ஒரே கட்டளையால் தொடங்குகிறோம். எடிட்டர் அதோடு இணைந்துகொள்ளும், தனியாக எதையும் தொடங்காது. யாராவது ஓடவில்லை என்றால், முதலில் நான் சந்தேகப்படுவது என் மெஷினைத்தான்.

சாயங்காலம் மேனேஜர் கன்ஃபர்மேஷன் கடிதத்தை நீட்டினார். ரேவதி அவருக்கு நன்றி சொன்னார். எனக்குச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.