அப்பா உலாத்திய நான்கு நாள்

உலாத்துதல் என்றால் காற்று வாங்க அங்குமிங்கும் நடப்பது. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்களையும் எங்கள் ஊர் உடுப்பிட்டியில் 'உலாத்த வந்திருக்கினம்' என்றுதான் சொல்வோம். மொத்தத்தில் கவலை இல்லாதவர்களின் சொல். எங்கள் வீட்டில் அது அப்படி இருக்கவில்லை.

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அண்ணை கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்தார். வீட்டில் ஏசி இல்லை, பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலில் தங்கினார். வீட்டுக்கு எப்போது வருவார் என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு இருந்தது ஒரே ஆசை, மகனோடு இருந்து ஒரு நேரம் சாப்பிட வேண்டும். அம்மா போனபின் சமையல் என் பாடு. முதல் நாள் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினேன். அடுத்த நாள் நண்டுக் கறி. மூன்றாம் நாள் என்ன சமைத்தேன் என்பதே மறந்துவிட்டது, அவ்வளவு எரிச்சல்.

அப்பா காலையிலிருந்து விறாந்தைக்கும் கேட்டுக்கும் இடையே நடந்தார். வாகனச் சத்தம் கேட்டால் நிற்பார். பிறகு திரும்பி நடப்பார்.

"போன் எடுத்துக் கேக்கட்டே அப்பா?"

"வேண்டாம் பிள்ளை. நாங்கள் கேட்டால் அவனுக்குக் கரைச்சல்."

எங்கள் ஊர்த் தகப்பன்மாருக்கு இது ஒரு வியாதி. பெற்ற பிள்ளையை 'வா' என்று கூப்பிட இவ்வளவு கூச்சம். நானும் கேட்டுத் தொலைக்காமல் இருந்தேன். அந்தக் கோபம் இன்னும் என்மேல் எனக்கு இருக்கிறது.

நான்காம் நாள் மத்தியானம் வான் வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்களாம். ஒரு மணித்தியாலம் இருந்தார்கள், படம் எடுத்தார்கள். புறப்படும்போது அண்ணை விறாந்தைக் கூரையில் இருந்த கமெராவைக் காட்டினார். அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கனடாவில் இருந்தே ஆள்பிடித்துப் பூட்டுவித்தது.

"ஹோட்டலிலை இருந்து போனிலை பாத்தனாங்கள் அப்பா. ஒவ்வொரு நாளும் என்ன மாதிரி உலாத்திறியள்! இந்த வயசிலை இது பெரிய விசயம். எனக்குச் சரியான சந்தோசம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"ஓம் தம்பி, டொக்டர் நடக்கச் சொன்னவர்."

எந்த டொக்டரும் சொல்லவில்லை. வான் ஒழுங்கையால் பெரிய தெருவுக்குத் திரும்பியதும் அப்பா கதிரையில் அமர்ந்து, வீங்கிய முழங்காலைத் தடவினார்.

"சாப்பாட்டைப் போடு பிள்ளை. அவன் பாவம், சாப்பிட்டிட்டு வந்தவனாம்."