நரம்பில்லாத பன்னிரண்டு

மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது எனக்குப் பிடித்துப்போன முதல் வேலை வெட்டுவது. ஹைட்ரா என்பது குளத்துத் தண்ணீரில் வாழும் சின்ன உயிர், நூல் துண்டு அளவுதான் இருக்கும். பிளேடால் நடுவில் ஒரு போடு போட்டால் இரண்டாகும்; சில நாளில் தலை இல்லாதது தலையை வளர்த்துக்கொள்ளும், கால் இல்லாதது காலை. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். தாராவி வீட்டிலிருந்து சண்டை போட்டுக் கிளம்பி வந்த நாட்களில் தேவைக்கு மேலேயே வெட்டியிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் என் ஆராய்ச்சி வேறு. ஹைட்ராவின் நரம்பு செல்கள் பெப்டைடு என்ற புரதத் துணுக்குகளைக் கசியவிடும். அவற்றில் ஒன்று உடம்பைச் சுருங்க வைக்கிறது. அது தசைக்கு நேராகக் கட்டளையிடுகிறதா, இன்னொரு நரம்பு வழியாகவா? நரம்பே இல்லாத ஹைட்ராவின் மேல் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் விஷம் வைத்தேன். நரம்பைப் பெற்றெடுக்கும் செல்கள் செத்தன. இருந்த நரம்புகளும் வாரக்கணக்கில் உதிர்ந்தன. முன்பெல்லாம் ஊசியால் தொட்டால் வெடுக்கென்று சுருண்டுகொண்ட பிராணி, இப்போது குத்தினாலும் அப்படியே நின்றது. பசித்தாலும் வாய் திறக்காது. நுண்ணோக்கியில் பார்த்தபடி நானே வாயை இழுத்துப் பிளந்து இறால் குஞ்சைத் திணிக்க வேண்டும். பிறகு தண்ணீரைப் பீய்ச்சிச் சக்கையை வெளியே தள்ள வேண்டும். நாலு மாதம் இப்படிச் சாவடித்ததில் பிழைத்தவை பன்னிரண்டு. அவை போனால் என் படிப்பும் போச்சு. ஆய்வை முடிக்க எனக்குக் கொடுத்திருந்த கடைசித் தவணை அது.

கணபதி விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டினார்கள். தினமும் ஊட்ட வேண்டுமே! பழைய நுண்ணோக்கி ஒன்றையும் கிண்ணங்களையும் வீட்டுக்கே தூக்கி வந்தேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

ஊட்டுவதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். “ஏட்டி, இதுக்கு வாயில வெரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது போல. இதயா படிக்கே?”

“நீ சும்மா இரு. கொழாத் தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் அம்புட்டும் செத்துப்போவும், பாத்துக்கோ.”

“நான் ஏன்ட்டி தொடப்போறேன்?”

மூன்றாம் நாள் செம்பூரில் என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு வீட்டுக்குப் போய்விட்டு மதியம் திரும்பினேன். சந்தில் கணபதிக்கு டோல் மேளம் அடித்துக் காதைப் பிளந்துகொண்டிருந்தார்கள். கிண்ணங்களைப் பார்த்தேன். ஹைட்ராக்களின் கைகள் எல்லாம் கரைந்து, உடம்பு மாவுபோல் உதிர்ந்து கிடந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

“யாரு இதத் தொட்டா?”

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். “தண்ணி வத்திப்போயிருந்துச்சுட்டி. கொழாத் தண்ணி ஆவாதுன்னியே, அதான் செம்புக் கொடத்துத் தண்ணிய ஊத்துனேன். நம்ம வீட்ல அதாம்ட்டி நல்ல தண்ணி.”

உடம்புக்கு நல்லது என்று மொபைலில் யாரோ சொன்னதைக் கேட்டு, செம்புக் குடத்தில் இரவெல்லாம் ஊறவைத்து எனக்கென்று எடுத்து வைக்கிற தண்ணீர் அது. ஹைட்ராவுக்குச் செம்பைப்போல எமன் கிடையாது. நான் குழாய்த் தண்ணீரைச் சொன்னேன், செம்பைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் இதெல்லாம் யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

குடத்தை எட்டி உதைத்தேன். கிண்ணங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்தேன். ஒரு கண்ணாடிச் சில்லு அம்மாவின் முழங்கையில் பட்டு ரத்தம் வந்தது. “கொன்னுட்டியே, பாவி! என்னயக் கொன்னுட்டியே!” என்று கத்திக்கொண்டே அவள் முடியைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். தலை அலமாரியில் போய் மோதியது. எனக்குப் போதவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், போதவே இல்லை. மறுபடி கையை ஓங்கினேன்.

அம்மா அழவில்லை, கையைக் குறுக்கே வைக்கவும் இல்லை. முகத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி, காதுக் கம்பி இரண்டையும் மடக்கி, டிவி மேல் பத்திரமாக வைத்தாள்.

“இனி அடி,” என்றாள். “புதுக் கண்ணாடிட்டி, ஒடஞ்சிரும்.”

அப்பா செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தோல் பட்டறையிலிருந்து குடித்துவிட்டு வந்து அவர் பெல்ட்டை உருவும்போதெல்லாம் அம்மா முதலில் செய்தது இதைத்தான்.

என் கை தானாக இறங்கியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா உடனே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. என் கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.