ஆட வேண்டிய தகடு

1. மதியம் மட்டும் வரும் ஆபத்து

2007, மாசி மாதம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஸ்டீல் ரோலிங் மில்லில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும் நேரத்தில் கிரேன் பகுதியில் சைரன் அலறியது. ஓடிப் போய்ப் பார்த்தால் கிரேன் சும்மா நிற்கிறது. கொக்கியில் ஒரு நட்டுகூட இல்லை. என் கம்ப்யூட்டர் திரையிலோ, கிரேன் ஓடும் கர்டர் தாங்க முடியாத பாரத்தில் திணறிக்கொண்டிருந்தது.

கிரேன் ஆபரேட்டர் நூருல்லா பாய், பழவேற்காட்டுக்காரர், கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கர்டரும் சாப்ட்டுகினு கீதா? வயிறு ரொம்பிடுச்சின்னு கத்துது."

மறுநாளும் அதே நேரம், அதற்கு மறுநாளும் அப்படியே. சைரன் அடித்தால் கிரேனை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆகவே அந்தப் பகுதியில் எல்லாருக்கும் மதியம் ஒரு டீ கூடுதலாகக் கிடைத்தது. சைரன் கொஞ்சம் தாமதித்தால், "இன்னாபா, இன்னிக்கு இன்னும் மணி அடிக்கல?" என்று விசாரிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கர்டரில் முன்பு விரிசல் கண்டு வெல்டிங் வைத்திருந்தார்கள். அடுத்து வரவிருந்த, உருளைகளைத் தாங்கும் புதிய ரோல் ஸ்டாண்டோ, நாங்கள் அதுவரை தூக்கிய எதையும்விடக் கனம். கர்டர் அதைத் தாங்குமா என்று அறியத்தான் ஆப்டிகல் ஃபைபர் சென்சார் ஒட்டியிருந்தோம். தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழை. உள்ளே ஒளியை அனுப்பினால் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். பாரத்தில் கர்டர் இழுபட்டால் இழையும் இழுபட்டு, அந்த அலைநீளம் நகரும். நகர்ந்த அளவைப் பார்த்து ஸ்ட்ரெயினை, அதாவது கர்டர் எவ்வளவு இழுபட்டது என்பதைச் சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், சூடு ஏறினாலும் அலைநீளம் அதே பக்கம் நகரும். தகரக் கூரைக்குக் கீழே மதியம் ஏறிய சூட்டைத்தான் என் திரை பாரம் என்று படித்திருந்தது.

2. சும்மா இருக்கும் வேலை

இதற்கு மருந்து இன்னொரு சென்சார். அதே ரக எஃகில் ஒரு சிறு தகடு வெட்டி, அதில் சென்சாரை ஒட்டி, முதல் சென்சாருக்குப் பக்கத்தில் கர்டரோடு படும்படி வைத்தோம். ஒரு முனையில் மட்டும் ஒரே ஒரு ஸ்குரூ. மறுமுனைக்குப் பிடிமானமே கிடையாது. கர்டரின் சூடு தகட்டுக்கும் ஏறும், கர்டரின் பாரம் ஏறாது. முதல் சென்சாரின் கணக்கிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது பாரம் மட்டும். டெம்பரேச்சர் காம்பென்சேஷன் என்ற பெரிய பெயருக்குள் இருப்பது இந்தக் கழித்தல்தான்.

சும்மா இருப்பதுதான் அந்தத் தகட்டின் உத்தியோகம். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று சித்தர்கள் சொன்னதை நான் படித்திருக்கிறேன். தகடு எளிதாகச் செய்தது. சைரன் நின்றது. டீயும் நின்றது. சில நாட்கள் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

3. பரிசு பெற்ற வேலை

மார்ச் முதல் வாரம் பாதுகாப்பு வாரம். லூசாக இருக்கும் எதைக் கண்டுபிடித்து இறுக்கினாலும் புள்ளி உண்டு என்பது எங்கள் மில் வழக்கம். அதிகப் புள்ளி எடுத்தவருக்கு மேடையில் ஹாட் பாக்ஸ். அந்த வருடம் அதை வாங்கியவர் ஃபிட்டர் ஏகாம்பரம். நானும் கை தட்டினேன்.

அடுத்த வாரம் சோதனைத் தூக்கல். ஒர்க்ஸ் மேனேஜர் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நூருல்லா பாய் வழக்கமான முழு எடையைத் தூக்கினார். திரையில் பாரத்தைக் காட்டும் கோடு அசையவில்லை.

"என்னய்யா, இதைப் போய் வீக்குன்னு சொன்னீங்க?" என்று மேனேஜர் முகம் மலர்ந்தார். "ஸ்டாண்டை அப்படியே முழுசா தூக்கிடலாம்."

"வேண்டாம் சார். இது நல்ல கோடு இல்லை," என்றேன்.

"நல்லா வந்தாலும் குறையா?"

"தூக்கும்போது கொஞ்சமாவது ஏறணும் சார். இரும்பு அவ்வளவு வீம்பு பிடிக்காது."

எடையை இறக்கிவிட்டு வந்த பாய், ஏணியடியிலேயே நின்று கேட்டார். "கொஞ்சம் நல்லா பாத்து சொல்லுங்க சார். நீங்கல்லாம் கீழ நின்னுகினு பாப்பீங்க. மேல குந்திகினு இருக்கறவன் நானு."

இருவரும் மேலே ஏறினோம். தகடு முழுக்க எபாக்சி பசை பூசி கர்டரோடு ஒட்டி, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு, மேலே மஞ்சள் பெயின்டும் அடித்திருந்தது. அழகான வேலை. மஞ்சள் பெயின்ட் என்றால் ஏகாம்பரம். கீழே வந்து கூப்பிட்டேன்.

"நான்தான் சார். ஒரே ஸ்குரூல தொங்கிகினு ஆடிகினு இருந்துச்சு. யார் மண்டைலனா உழுந்தா பேஜாரு இல்ல? இப்போ பூகம்பமே வந்தாலும் ஆடாது."

"அது ஆடணும் ஏகாம்பரம்."

"ஆடணுமா? லூசா இருக்கறத்த இறுக்குன்னு ஊர் பூரா போர்டு வச்சிட்டு, இது ஒண்ணு மட்டும் லூசா இருக்கணும்னா எனுக்கு எப்டி சார் தெரியும்?"

மேனேஜருக்கு விளக்கினேன். தகடும் கர்டரோடு சேர்ந்து இழுபடுகிறது. இரண்டு சென்சாரும் ஒரே அளவு நகர்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், பாரம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்.

பாய் தலையில் கை வைத்தார். "சாட்சி சொல்ல வந்தவன் குத்தவாளி ஊட்லயே பொண்ணு கட்டிகினானா?"

புதுத் தகடு வெட்டி, மறுபடி ஒரே ஸ்குரூவில் பொருத்தினோம். பக்கத்தில், "இது ஆடும். ஆட விடவும்" என்று ஏகாம்பரமே மஞ்சள் பெயின்டில் எழுதினார். பாய் அதே எடையைத் தூக்கினார். கோடு ஏறியது. ஏறி, நாங்கள் வைத்திருந்த எல்லைக்கு ஒரு விரல்கடை கீழே போய் நின்றது. மேனேஜர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டாண்டைக் கழட்டி ரெண்டா தூக்குங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அப்படியே தூக்கினோம். இரண்டு முறையும் கோடு ஏறி, எடை தரையைத் தொட்டதும் இறங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒன்றுமே நடக்காவிட்டாலும் பூஜ்யம் வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு நடந்தாலும் பூஜ்யம் வரும். எது என்று திரை சொல்லாது. பாரம் ஏற்றி, கோடு ஏறுகிறதா பாருங்கள். வெயில் ஏறும்போது, கோடு கிடந்த இடத்திலேயே கிடக்கிறதா பாருங்கள். இரண்டையும் பார்த்த பிறகு கிரேன் ஆபரேட்டரை மேலே ஏறச் சொல்லுங்கள்.